மண்வெட்டி கடைசியில்: குளத்தை மீட்க இறங்குகிறவர்களுக்கு ஒரு குழாய்க்காரர் சொல்வது

நாங்கள் முதலில் எடுத்துக்கொண்ட குளத்தை ஓட்டையாக்கியது நாங்களேதான். வறண்டு கிடந்த குளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐம்பது அறுபது பேர் கூடினோம், பொக்லைன் வந்தது, இரண்டே நாளில் நடுவில் ஒரு மீட்டர் ஆழப்படுத்தினோம். ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டோம். மழை பெய்தது, குளம் நிறைந்தது, எல்லோரும் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏழாவது வாரம் அடி தெரிந்தது. கொஞ்சம் தள்ளி யாருமே கைவைக்காத ஒரு குட்டை இருந்தது. அதில் அப்போதும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது.

நான் முப்பத்திரண்டு வருடம் குழாய் வேலை பார்த்தவன். ஒரு வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை என்று கூப்பிட்டால் முதலில் இரண்டு கேள்விதான் கேட்பேன். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது? தொழிலில் தினமும் கேட்ட கேள்வியைக் குளத்துக்கு வந்ததும் மறந்துவிட்டேன். நடுவில் தோண்டும்போது அடியில் இருந்த களிமண் படுகையைக் கிழித்துவிட்டோம். நாற்பது சென்டிமீட்டர் கனத்தில் களிமண், அதற்குக் கீழே பரல் மணல். குளத்தில் தண்ணீர் நிற்பதே அந்த நாற்பது சென்டிமீட்டரால்தான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆழமாகத் தோண்டினால் நிறையத் தண்ணீர் நிற்கும் என்று நினைத்தோம், அவ்வளவுதான்.

அதனால் இந்தக் கையேட்டில் தோண்டுவது கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும். முன்பகுதியைத் தாண்டிவிட்டு நேராக அங்கே போகாதீர்கள்.

முதல் வேலை: மழையில் நனைவது

குளம் யாருடையது, எல்லை எது, யாரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பதை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி ஆள் மாறினால் காற்றோடு போய்விடும். இதைப் பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அலுப்பான வேலைதான், ஆனால் செய்தே ஆக வேண்டும்.

அப்புறம் ஒரு நல்ல மழைக்காகக் காத்திருங்கள். மழை வலுத்ததும் குடையை வைத்துவிட்டு மழைக்கோட்டோடு இறங்குங்கள், குடை இரண்டு கையில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். குளத்தில் தண்ணீர் வந்து விழும் இடத்திலிருந்து ஆரம்பித்து மேல்நோக்கி நடந்து போங்கள். எந்தத் தெருவின் தண்ணீர் வருகிறது, எந்தக் கூரையின் தண்ணீர் வருகிறது, எந்த இடத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி ஓடுகிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். வரைபடத்தைப் பத்து நாள் விரித்துப் பார்த்தாலும் இது கிடைக்காது. எங்கள் குளத்துக்கு மூன்று வரத்து என்றுதான் காகிதம் சொன்னது. மழையில் நடந்தபோது ஐந்து இருந்தன. காகிதத்தில் இருந்த மூன்றில் ஒன்று செத்துப் போயிருந்தது, அதன் மேல் ஒரு சுவர் நின்றது.

ஒரு கணக்கு சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1 லட்சம் லிட்டர். தார்ச்சாலையும் கூரையும் அதில் பெரும்பகுதியை அப்படியே அனுப்பிவிடும், தோட்ட மண் நிறையக் குடித்துக்கொள்ளும். ஒரு வரத்தைத் திருப்பி விட்டவர்கள் குளத்துக்கு எத்தனை லட்சம் லிட்டர் இல்லாமல் செய்தார்கள் என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். கூட்டத்தில் பேசும்போது இந்த ஒரு எண் போதும்.

அடுத்த நடை மழையே இல்லாத நாளில். இதுதான் முக்கியமான நடை. பத்து நாளாக மழை இல்லை, ஆனாலும் மழைநீர்க் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறது என்றால் அந்தக் குழாய் பொய் சொல்கிறது. எங்கள் குளத்தின் கிழக்கு வாயில் அப்படி ஒரு குழாய். காலை ஏழு மணிக்குக் குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் விரல் தடிமனுக்குத் தண்ணீர். அதன் ஓரத்தில் நுரை, நுரையில் வானவில் நிறம். கைவைத்தால் வெதுவெதுப்பு. மண்ணுக்கடியில் ஓடி வரும் மழைத்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வழியே இல்லை. நாற்றம் என்று சொல்ல முடியாது, ஏதோ பூவின் பெயர் போட்ட சோப்புத்தூள் வாசனை. பத்து லிட்டர் வாளியை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பது விநாடியில் நிரம்பியது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 720 லிட்டர். காலையில் மூன்று மணி நேரம் ஓடியது. தினமும் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் துணி துவைத்த தண்ணீர்.

அதைத் தேடிப் போனது தனிக்கதை. சாக்கடை வேலைக்காரர்கள் பயன்படுத்தும் பச்சைச் சாயம் ஒன்று இருக்கிறது, ஃப்ளூரசீன் என்பார்கள். சந்தேகப்படும் வீட்டு வடிகாலில் துளியூண்டு போட்டால் குழாயின் மறுமுனையில் பளபளவென்று பச்சையாக வரும். அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள், குளமே பச்சையாகிவிட்டது என்று போலீசுக்குப் போன் போகும். நாங்கள் அனுமதி வாங்கி, நான்கு வீடுகளில் கேட்டுச் செய்தோம். மூன்றாவது வீட்டில் பிடிபட்டது. அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. வீடு கட்டியபோது யாரோ ஒரு குழாய்க்காரர் கிட்டத்தில் இருந்த குழாயில் இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். என் தொழில்காரர்தான் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை நானே போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பாசி ஏன் பச்சை

குளம் பச்சையாக இருந்தால் ஆளாளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். மருந்தை யோசிக்கும் முன் காரணத்தைப் பார்க்கலாம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 226 என்று எண்ணிட்ட சின்ன ஏரி ஒன்று உண்டு. 1973இல் டேவிட் ஷின்ட்லரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் அந்த ஏரியின் இடுப்புப் பகுதியில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். இன்னொரு பாதியில் அவை இரண்டோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல ஆனது, மற்றது தெளிந்து கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தை நான் எங்கள் கூட்டங்களில் சுவரில் ஒட்டி வைப்பேன். அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது? சாக்கடை, சில சோப்புத்தூள், உரம், விலங்குகளின் கழிவு, அரித்து வரும் மண். மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் கலங்கிய தண்ணீர் வந்தாலே உரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்துக்கு வந்து ரொட்டி போடுகிறவர்களும் கணக்கில் உண்டு. பறவை தின்பது கொஞ்சம், தின்னாமல் மூழ்குவது நிறைய, தின்றதும் எச்சமாக அதே தண்ணீரில்தான் விழுகிறது.

வரும் வழியை அடைத்தால் ஏரி தேறும் என்பதற்கும் பெரிய சாட்சி இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் வாஷிங்டன் ஏரி. சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் அதில் விழுந்து ஏரி கெட்டுப் போனது. 1963இலிருந்து 1968க்குள் அந்தக் கழிவுநீரைப் படிப்படியாக வேறு பக்கம் திருப்பினார்கள். ஏரிக்குள் இறங்கி ஒன்றும் செய்யவில்லை. சில ஆண்டுகளில் தண்ணீர் தெளிந்துவிட்டது. உங்கள் குளம் அவ்வளவு சுலபமாகத் தேறாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வாஷிங்டன் ஏரி ஆழமானது. ஆழமில்லாத குளத்தில் பல வருடமாகச் சேறு சேர்த்து வைத்த பாஸ்பரஸ், வரத்தை அடைத்த பிறகும் அடியிலிருந்து கசிந்து மேலே வந்துகொண்டே இருக்கும். சேற்றில் ஆக்சிஜன் தீரும்போது அது இன்னும் வேகமாக வெளியே வரும். ஆனால் குழாய் திறந்தபடி இருக்கும்போது தரையைத் துடைப்பதில் அர்த்தம் இல்லை. முதலில் குழாய், அப்புறம் துடைப்பம்.

ஒரு நோட்டு, ஒரு கம்பி, ஒரு வாளி

குறைந்தது ஒரு வருடம் அளந்து பாருங்கள். ஒரு வருடமா என்று முகம் சுளிப்பவர்கள் வருவார்கள், அவர்களுக்கு வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுங்கள். அது எப்போது செய்தாலும் நல்லது.

அளவுக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம். தண்ணீர் மட்டம் பார்க்க சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு கம்பி. தெளிவு பார்க்க ஒரு வட்டத் தகடு. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், வானியல் அறிஞர், போப்பாண்டவரின் கப்பலில் இருந்தபடி மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கி எவ்வளவு ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தார். இன்றும் அதே முறைதான். ஏரிகளுக்கு 20 சென்டிமீட்டர் அகலத் தட்டில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி நான்கு கால்வட்டங்களாகப் பூசியிருப்பார்கள். நாங்கள் பெயின்ட் வாளியின் மூடியில் செய்தோம். அடியில் கனத்துக்கு ஒரு நட்டு, மேலே முடிச்சுப் போட்ட கயிறு. நடுப்பகலில், வெயில் முதுகில் விழும்படி நின்று இறக்குங்கள். மறையும் ஆழம், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழம், இரண்டின் சராசரியை எழுதுங்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், எங்களில் ஒருவர் இரண்டு மாதம் அப்படித்தான் பார்த்தார்.

வாளிச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. குளம் கசிகிறதா, ஆவியாகிறதா என்று ஊரே சண்டை போடும். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, கல் வைத்து, வாளியின் விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி குளத்திலேயே ஆழமில்லாத ஓரத்தில் நிறுத்துங்கள். வாளிக்குள் மட்டத்தையும் குளத்து மட்டத்தையும் குறியுங்கள். மழையில்லாத நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள். வாளியில் குறைந்தது வெயில் குடித்தது. குளத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால், யாரும் இறைக்காத பட்சத்தில், அது கசிவு. எங்கள் ஓட்டைக் குளத்தில் வாளி நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கியது, குளம் 25 மில்லிமீட்டர் இறங்கியது. குளம் 60 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலம். அதாவது தினமும் 12,000 லிட்டர் ஆவியானது, 48,000 லிட்டர் மண்ணுக்குள் போனது. இதைத் தோண்டுவதற்கு முன்பே செய்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் இருந்திருக்கும்.

ஆக்சிஜன் அளக்கும் மீட்டரைக் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டால் இரவல் தருவார்கள். எந்த நேரம் அளக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பகலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும், மீட்டர் அருமையான எண் காட்டும். இரவு முழுக்க அதே பாசியும் மீனும் சேறும் சேர்ந்து அதைத் தின்னும். விடியலுக்குச் சற்று முன்புதான் மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீனுக்குக் கவலையில்லை. 2க்குக் கீழே போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மீட்டர் இல்லாவிட்டாலும் விடியற்காலையில் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். மதியம் இரண்டு மணிக்கு அளந்து 'குளம் நலம்' என்று எழுதிக் கொடுத்த அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வரும் தண்ணீரை நிறுத்தி அனுப்புங்கள்

வாய்க்கால் குளத்தைத் தொடும் இடத்துக்கு முன்னால் ஒரு வண்டல் குழி வெட்டுங்கள். தண்ணீர் வேகம் குறைந்தால் மண்ணைக் கீழே போட்டுவிடும், இதில் வேறு தந்திரம் எதுவும் இல்லை. எங்களுடையது 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். இரண்டே மழையில் பாதி நிரம்பியபோது பயந்துபோனோம், அப்புறம்தான் இவ்வளவும் இத்தனை காலம் குளத்துக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று புரிந்தது. குழியைத் தூர்வாரும் ஆள் யார், எந்த மாதம் என்பதைக் குழி வெட்டும் முன்பே எழுதி வையுங்கள். நிரம்பிப்போன வண்டல் குழி இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

குழியைத் தாண்டிய தண்ணீர் கோரையும் நாணலும் வளர்ந்த ஆழமில்லாத படுகை வழியாக மெதுவாகப் போகட்டும். சம்பு என்ற நீர்ப்புல்லும் நல்லதுதான், ஆனால் அதன் குணம் தெரிந்து நடுங்கள். முழங்கால் ஆழம் கிடைத்தால் போதும், குளத்தையே வளைத்துக்கொள்ளும். ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் இருந்தால் சாதாரணமாக உள்ளே வராது, அதுவே வேலி.

கரையைச் சுற்றிலும் புல்லை மொட்டையடிக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சில மீட்டர் அகலத்துக்குச் செடிகொடி விட்டு வைத்தால் கரையிலிருந்து வழியும் மண்ணையும் உரத்தையும் அது பிடித்துக்கொள்ளும். பாம்பு வரும் என்பார்கள். நடைபாதையை ஒட்டி ஓர் அடி வெட்டிவிடுங்கள், மீதியை விட்டுவிடச் சம்மதிப்பார்கள். எங்களிடம் சம்மதித்தார்கள்.

களை என்றால் எல்லாமும் அல்ல

தண்ணீருக்குள் மூழ்கி வளரும் செடிகளைப் பார்த்ததும் பிடுங்கப் பாய்கிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். வேலம்பாசி மாதிரியான அந்தச் செடிகள்தான் சேற்றைப் பிடித்து வைக்கின்றன, பாசியைத் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்கு ஒளிய இடம் தருகின்றன. ஆழமற்ற ஏரி இரண்டு நிலையில் நிற்கும் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டன் ஸ்கெஃபர் 1990களில் எழுதினார். ஒன்று, தெளிந்த தண்ணீரும் மூழ்கிய செடிகளும். இன்னொன்று, கலங்கிய தண்ணீரும் பாசியும். எந்த நிலையில் இருந்தாலும் அது தன்னைத்தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், மாற்றுவதற்கு ஒரு பெரிய தள்ளு வேண்டும். செடியை எல்லாம் பிடுங்கிப் போடுவது அந்தத் தள்ளை எதிர்ப்பக்கம் கொடுப்பது.

மிதக்கும் களை வேறு சங்கதி. ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவியது, வசதியான இடத்தில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு மடங்காகும். மேலே மூடிக்கொண்டால் கீழே வெளிச்சமும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. கையால்தான் எடுக்க வேண்டும். காற்று ஒரு பக்கம் ஒதுக்கும் நாளைப் பார்த்து, மிதக்கும் கயிறு கட்டி வளைத்து, கரைக்கு இழுங்கள். எடுத்ததைத் தண்ணீர் ஓரத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். வேருக்குள் இருக்கும் தும்பி இளவுயிர், நத்தை, மீன்குஞ்சு எல்லாம் திரும்பித் தண்ணீருக்குள் போய்விடும். அப்புறம் அள்ளிக்கொண்டு போங்கள். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் காய்ந்தபின் தூக்கினால் முதுகும் பிழைக்கும். கரையிலேயே மக்க விட்டால் அதில் இருந்த பாஸ்பரஸ் அடுத்த மழையில் வீட்டுக்குத் திரும்பிவிடும். விதை மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடக்கும், அதனால் 'ஒழித்துவிட்டோம்' என்று பலகை வைக்காதீர்கள்.

களைக்கொல்லி அடிக்கலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். குளம் முழுக்க ஒரே நாளில் செத்தால் அத்தனையும் அழுகும், அழுகுவது ஆக்சிஜனைக் குடிக்கும், மூன்றாம் நாள் மீன் மிதக்கும். கையால் எடுத்தாலும்கூட ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

செடியின் சரியான பெயரைத் தெரிந்துகொண்டு இறங்குவது வீண் படிப்பு இல்லை. சால்வினியா என்ற மிதக்கும் பெரணிக்கு வெகுகாலம் வேறொரு இனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வேறு இனத்தைத் தின்னும் வண்டைக் கொண்டுவந்து விட்டதில் பலன் இல்லை. உண்மையான சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசில் என்று 1970களின் கடைசியில் கண்டுபிடித்து, அங்கிருந்த ஒரு சின்ன மூக்குவண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஏரி திறந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த வண்டையும் எங்கிருந்தும் கொண்டுவராதீர்கள், அது அரசாங்கமும் ஆய்வாளர்களும் வருடக்கணக்கில் சோதித்துச் செய்கிற வேலை.

மீன் விடுவது பற்றியும் இதே சொல். கெண்டை வகையில் சிலது, முக்கியமாகச் சாதாக் கெண்டை, இரை தேடிச் சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தெளியவே தெளியாது. கொசுவுக்காக கம்பூசியா மீனை விடுவது நூறு வருடத்துப் பழக்கம். அது கொசுப்புழுவோடு தவளைக்குஞ்சையும் உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சையும், பாசி தின்னும் நுண்பூச்சிகளையும் தின்றுவிடும். கொசு பெருகுவது பெரும்பாலும் மீனும் தும்பியும் இல்லாத ஓரத்துப் பள்ளங்களில், கவிழ்க்காத வாளியில். முட்டையிலிருந்து கொசுவாக, வெதுவெதுப்பான காலத்தில், ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை அந்தப் பள்ளங்களைக் குளத்தோடு வெட்டி இணையுங்கள் அல்லது மூடுங்கள்.

பாசி மருந்துத் தூள், நுண்ணுயிர்ப் பொட்டலம், நடுவில் நீரூற்று என்று விற்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். நீரூற்று மீன் சாகாமல் காப்பாற்றலாம், பார்க்கவும் அழகு. பாஸ்பரஸை அது எங்கேயும் அனுப்புவதில்லை. நான் அந்தப் பணத்தை வண்டல் குழிக்குத்தான் போடுவேன்.

இப்போது மண்வெட்டி

ஒரு வருட நோட்டு கையில் இருக்கிறது, வரத்து சுத்தமாகிவிட்டது. இனித் தோண்டலாமா? முதலில் எவ்வளவு சேறு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு கம்பி வேண்டும். ஒன்றின் அடியில் ஒரு தட்டை மாட்டுங்கள், அது சேற்றின் மேலே நின்றுவிடும். இன்னொன்று மொட்டைக் கம்பி, அதைக் கையால் அழுத்தினால் சேற்றுக்குள் இறங்கிக் கெட்டித் தரையில் முட்டும். இரண்டின் வித்தியாசம்தான் சேற்றின் கனம். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் குளம் முழுக்க எடுத்தோம், முப்பத்தைந்து புள்ளி, ஒரு படகு, இரண்டு ஞாயிறு. சராசரி 30 சென்டிமீட்டர் வந்தது. 2,400 சதுர மீட்டருக்கு 720 கனமீட்டர் சேறு. லாரிக்கு 6 கனமீட்டர் என்றால் 120 நடை. இந்த எண் கையில் இல்லாமல் யாரிடமும் பேரம் பேச உட்காராதீர்கள்.

அந்தக் கெட்டித் தரை களிமண்தானா, எவ்வளவு கனம் என்பது அடுத்த கேள்வி. ஓரத்தில் நான்கைந்து இடத்தில் சின்னதாகத் துளையிட்டு மண்ணை எடுங்கள். பிசைந்து பென்சில் தடிமனுக்கு உருட்டுங்கள், மோதிரம் மாதிரி வளையுங்கள். வெடிக்காமல் வளைந்தால் களிமண். இன்னொரு உருண்டையைக் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் போட்டு ராத்திரி விட்டு வையுங்கள். காலையில் உருண்டை உருண்டையாகவே கிடந்தால் அந்த மண் தண்ணீரைத் தாங்கும். கரைந்து குவிந்திருந்தால் அதை நம்பாதீர்கள். துளைகளை அதே களிமண்ணால் குத்தி அடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

கறுத்து, மெத்தென்று, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வரைக்கும்தான் உங்கள் எல்லை. நிறம் மாறி, மண்வெட்டியில் வழவழவென்று ஒட்டினால் நிறுத்துங்கள். பொக்லைன் ஓட்டுகிறவருக்கு இதைக் காலையில் ஒரு தடவை சொன்னால் போதாது. ஓர் ஆள் கம்பியோடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஒரே தடவையில் முழுக் குளத்தையும் வாராதீர்கள். இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் பாதி. மிச்சம் இருக்கும் பாதியிலிருந்துதான் நத்தையும் செடியும் திரும்பி வரும். கரையைச் செங்குத்தாக வெட்டாமல், ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டராவது போகும்படி சரிவாக விடுங்கள். தவளை ஏறும், தவறி விழுந்த குழந்தையும் ஏறும்.

வாரிய சேற்றை வயலுக்குப் போடலாம் என்று உடனே கேட்பார்கள். பட்டறைத் தண்ணீரோ சாலைத் தண்ணீரோ வந்த குளமென்றால் ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களுக்குச் சோதித்த பிறகு கொடுங்கள்.

எங்கள் ஓட்டையை எப்படி அடைத்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். வேறு இடத்துக் களிமண்ணைக் கொண்டுவந்து, ஈரமாக்கி, 15 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, வெறுங்காலால் மிதித்தோம். வரிசையாகத் தோளில் கைபோட்டு மிதிக்க வேண்டும், இல்லையென்றால் கால் போன இடமெல்லாம் போகும், மூலை விட்டுப்போகும். களிமண்ணுக்குள் காற்றும் வெடிப்பும் இல்லாமல் ஒரே சதையாக ஆக வேண்டும். அது ஆனதும் அதன் மேல் இன்னொரு 15, அதன் மேல் இன்னொரு 15. காய விடக்கூடாது, காய்ந்தால் வெடிக்கும், கடைசி அடுக்கு முடிந்த அன்றே ஈரச்சாக்குப் போட்டு மூடினோம். இரண்டு நாளில் தோண்டியதை அடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அடுத்த மழைக்குப் பிறகு வாளிச் சோதனையில் குளம் 7, வாளி 5.

உடம்பு

தனியாகச் சேற்றில் இறங்காதீர்கள். முழங்கால்வரை புதைந்தால் சொந்த பலத்தில் வெளியே வருவது கஷ்டம், ஒரு பலகையும் கயிறும் கரையில் இருக்கட்டும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு நோட்டு எழுதுங்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாக உள்ளே வரும்.

தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டினது மாதிரி ஏடு படிந்திருந்தால் ஒரு குச்சியை விட்டு எடுங்கள். முடி மாதிரித் தொங்கினால் இழைப்பாசி, பெரிய தொந்தரவில்லை. குச்சியில் பெயின்ட் மாதிரிப் பூசிக்கொண்டு வந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்படுங்கள். அதில் சில வகை நஞ்சு விடும். நாயையும் மாட்டையும் அண்டவிடாதீர்கள், வேலையைத் தள்ளி வையுங்கள். கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. ஈரி ஏரியில் பெருகிய இந்தப் பாசிதான் காரணம்.

ஆட்கள்

முதல் நாள் அறுபது பேர் வருவார்கள். மூன்றாம் மாதம் ஏழு பேர் இருப்பார்கள். மனம் தளராதீர்கள், ஏழு பேர் போதும். அந்த ஏழு பேருக்கு ஆளுக்கொரு சின்ன வேலையைக் கொடுத்துவிடுங்கள்: ஒருவர் வண்டல் குழி, ஒருவர் கம்பி மட்டம், ஒருவர் தட்டு, ஒருவர் வடமேற்கு வாய்க்கால். எல்லோருக்கும் எல்லா வேலையும் என்றால் யாரும் எதையும் செய்யமாட்டார்கள். எங்களில் ஒரு பாட்டி ஆறு வருடமாக ஒரே வேலைதான் செய்கிறார். காலை நடையின்போது கிழக்குக் குழாயைக் குனிந்து பார்த்து, ஈரமா உலர்வா என்று நோட்டில் ஒரு சொல் எழுதுவார். இரண்டு தடவை 'ஈரம்' என்று எழுதினார். இரண்டு தடவையும் மேலே புதிதாக ஒரு திருட்டு இணைப்பு இருந்தது.

மட்டக் கம்பி நடுவது பற்றி ஒன்று விட்டுவிட்டேன். பூஜ்யத்தை, குளத்தின் மிக ஆழமான தரைக்குச் சமமாகவோ அதற்கும் கீழேயோ வையுங்கள். நாங்கள் கம்பி நட்ட அன்றைக்குத் தண்ணீர் எங்கே இருந்ததோ அதைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டோம். வறண்ட மாதங்களில் எல்லா அளவும் கழித்தல் எண்ணாக வந்தது. இரண்டு பேர் கழித்தல் குறியைப் போட மறந்துவிட்டார்கள். நோட்டில் அந்த மூன்று மாதமும் வெயில் கொளுத்தக் கொளுத்த எங்கள் குளம் நிறைந்துகொண்டே போயிருக்கிறது.